ஸ்கொட்லாந்துக்காரன் எடுத்து எழுதிய பெயர்

எங்கள் ஊர் வழக்கப்படி வாப்பா எனக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைத்தார். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மாப்பிள்ளை டொக்டர் என்பதால் முன்னறையை டிஸ்பென்சரிக்கென்றே கட்டினார். போத்தல் அடுக்க அலுமாரி, நோயாளர் குந்த மர வாங்கு, எல்லாம் தயார். ஆனால் என் கணவர் நோயாளரைத் தொடுகிற டொக்டர் அல்ல. கொழும்பில் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் படிப்பித்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் ஒரு மரப்பட்டைச் சாறு தவளையின் இதயத்தை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். லீவில் கல்முனைக்கு வந்தால், இருமலோடு வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவார்.

"தவளை டொக்டர்" என்று ஊர் பட்டம் வைத்தது. கிணற்றடியில் ஒருத்தி அப்படிச் சொன்னபோது, "உன்ட மாப்பிள்ள என்னத்தக் கிழிச்சாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்கினேன்.

கலியாணத்துக்குப் பிறகு அவருடைய இரண்டு கட்டுரைகள் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வந்தன. ஒவ்வொன்றும் சில பக்கம்தான். அதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. வாப்பா பொறுமை இழந்தார். "இந்தப் பெருநாளோட கொழும்ப விட்டுட்டு வந்து டிஸ்பென்சரியத் திறங்க மருமகன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். பிறகு இவர் என்னிடம், "நான் எழுதினத ஆரு வாசிக்கிற? மாமா சொல்லுறது சரிதான்" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆராய்ச்சியை விட்டால் இந்த மனிதர் உள்ளுக்குள்ளேயே செத்துப்போவார்.

பெருநாளுக்கு முந்தின வாரம் கொழும்பிலிருந்து அவருடைய கூட்டாளி ஒரு சஞ்சிகையைத் தபாலில் அனுப்பியிருந்தார். ஸ்கொட்லாந்தில் முகம் தெரியாத ஒருவன், இவர் எழுதியதைத் தானும் செய்து பார்த்து, சரியென்று கண்டு, அதிலிருந்து மேலே போயிருந்தான். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இவருடைய பெயர். இவர் அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். நான் சஞ்சிகையைப் பறித்துக்கொண்டு வாப்பாவிடம் ஓடினேன். இவரும் பின்னால் வந்தார்.

"இவன் எதுக்கு நம்மட மருமகன்ட பேரப் போட்டிருக்கான்?" என்று வாப்பா கேட்டார்.

"ஒருத்தர் கண்டு சொன்னத எடுத்தா, ஆருக்கிட்ட இருந்து எடுத்த எண்டு சொல்லணும் மாமா. இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நபிமொழியான ஹதீஸை யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று பெயர் வரிசை சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர் அவர். "அப்ப நீங்க ஒரு ராவி!" என்றார். ஹதீஸ் அறிவிப்பாளருக்குத்தான் அந்தப் பெயர். "ஐயோ மாமா, அப்பிடிச் சொல்லப்படா" என்று இவர் பதறினார். யார் கேட்டது? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் வாப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுத கையோடு, பள்ளியில் தொழுவிக்கிற லெப்பை எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"தவளைக்கு மருந்து குடுத்தவர ராவி எண்டா சொல்லுற ஹாஜியார்? தௌபா செய்ங்க, அல்லாஹ்க்கிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

வாப்பாவின் முகம் கறுத்தது. "அஸ்தஃபிருல்லாஹ். நான் சொன்ன சொல் பிழை. அத வாபஸ் வாங்குறன்" என்றார். எல்லாம் போச்சு, இனி டிஸ்பென்சரிதான் என்று நினைத்தேன். லெப்பை புறப்படப் போனார். வாப்பா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அந்தச் சொல்லத்தான் வாபஸ் வாங்கின, மனிசன இல்ல. கடலுக்கு அங்கால இருக்கிற ஒருத்தன், இவரக் கண்டதுமில்ல, இவர்ட வீட்டுல சோறு திண்டதுமில்ல. இவர் சொன்னது உண்மையெண்டு தன்ட கையால செஞ்சி பாத்து எழுதியிருக்கான். உங்களுக்கும் எனக்கும் அப்பிடி ஒரு சாட்சி இருக்கா லெப்பை?"

லெப்பை சிரித்துவிட்டார். "இல்ல ஹாஜியார்" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் தானும் வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பெயர் எது என்று கேட்டு அதில் விரலை வைத்தார்.

அவர் போன பிறகு வாப்பா இவரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீங்க அடுத்து என்ன சொல்லப்போறீங்க எண்டு அவன் பாத்துக்கொண்டிருப்பான். இஞ்ச குந்தி இருமல் மருந்து கலக்கினா ஆரு அவனுக்குச் சொல்லுற? பெருநாள் முடிய கொழும்புக்குப் போங்க மருமகன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் போ மகள். இவர் ஒழுங்காச் சாப்பிடுற மாதிரித் தெரியல்ல."

மகளைத் தன் கண் முன்னால் வைத்திருக்க வீடு கட்டிய மனிதர் சொன்ன வார்த்தை அது. இவர் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். இரண்டு பேரில் யாரை நினைத்துப் பெருமைப்படுவதென்று தெரியாமல் நானும் அழுதேன்.