சாய்ந்த படகும் சாய்ந்த கழுத்தும்

லிஃப்ட் பழுதுபார்த்தே காலமெல்லாம் மேலும் கீழுமாகப் போய்வந்த ஒரு மனிதருக்கு, ஓய்வு பெற்றதும் கொஞ்சம் பக்கவாட்டிலும் போய்ப் பார்க்கலாமே என்று ஆசை வந்ததில் தப்பே இல்லை. தப்பெல்லாம் அந்த ஆசைக்காக அவர் வாங்கிய படகில்தான் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே கட்டப்பட்ட மோட்டார் படகு அது. முன்பக்கம் படுக்கை, மேசை, சின்னச் சமையல் மேடை என்று ஓர் அறை. பின்பக்கம் தளப்பலகைக்கு அடியில் டீசல் என்ஜின். தூரத்திலிருந்து பார்த்தால் லட்சணமாகத்தான் இருந்தது. கிட்டே போனால் ஜன்னல் ஓரமெல்லாம் ஒழுகல், மெத்தையெல்லாம் பூஞ்சை, வயரைத் தொட்டால் கையோடு வந்தது. மனிதர் கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாதவர். கேட்க ஆள் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டிகளோடு படகில் குடியேறிவிட்டார். படகுத்துறையில் அவரை எல்லோரும் ‘லிஃப்ட்காரர்’ என்றே கூப்பிட்டார்கள்.

கேட்க ஆள் இல்லை என்றேனே, அது பாதி பொய். அக்கா இருந்தாள்.

அக்கா சோபா உறை தைப்பவள். சோபா, நாற்காலி, பஸ் சீட்டு, எதைப் பார்த்தாலும் அளவெடுக்கத் தோன்றும் அவளுக்கு. படகில் ஏறி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“அறிவு இருக்காடா உனக்கு? ரிட்டயர் ஆனவன்லாம் வீட்ல உக்காந்து பேப்பர் படிக்கிறான். நீ போய் இந்த ஓட்டை டப்பாவை வாங்கிட்டு நிக்கிறே!”

“ஓட்டைல்லாம் ஒண்ணும் இல்லக்கா. ஒழுகல்தான்.”

ஒரு வாரம் போனில் திட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு வந்து நின்றாள். அந்தப் பூஞ்சை மெத்தையில் தம்பி படுத்திருப்பதை நினைத்தால் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “பாக்கச் சகிக்கல” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு வந்தவள்தான், அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பது சீக்கிரமே தெரிந்தது. என்ஜினுக்குள் கம்பியை விட்டு எண்ணெயின் அளவைப் பார்த்துவிட்டு, கைக்குக் கிடைத்த துணியில் அதைத் துடைத்தார் தம்பி. அது மெத்தைக்கென்று அக்கா தேடிப் பிடித்து வாங்கிய சந்தன நிறத் துணி. அக்கா சும்மா இருப்பாளா? மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு பழைய ரப்பர் பூவைக் குப்பையில் போட்டாள். அது பூ இல்லை; என்ஜினுக்குக் குளிர்ச்சித் தண்ணீர் இறைக்கும் பம்பில் சுற்றுகிற சக்கரம். அன்றைக்குப் போட்ட சண்டையில் பக்கத்துப் படகுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று.

“இந்த வாசப்படிதான் எல்லை” என்றாள் அக்கா. “உள்ளே என்னோடது. வெளியே உன்னோடது. உன் பக்கம் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். என் பக்கம் நீ எதையும் திறந்து பாக்கக் கூடாது.”

“நான் எங்கக்கா தூங்கறது?”

“உள்ளேதான். காலைக் கழுவிட்டு.”

இப்படி ஒரு படகு இரண்டு நாடாக ஆயிற்று. கூத்து என்னவென்றால், ஒப்பந்தத்தை இருவரும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள். தான் படுக்கிற பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தம்பி ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் தாராளமாக வந்தது. நம் அக்கா கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் அவரும் கை கட்டி நிற்கவில்லை. வயர்களை எல்லாம் புதிதாக இழுத்தார், டீசல் வடிகட்டியை மாற்றினார், பழைய ஒற்றை பேட்டரியைத் தூக்கிவிட்டுப் புதிய பேட்டரிகளை வரிசையாக அடுக்கினார், அவற்றின் பக்கத்திலேயே ஸ்பேனர் பெட்டிக்கும் இடம் ஒதுக்கினார். அக்காவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அக்காவின் கணவர், தம்பிக்கு மாமா. ஏதோ ஓர் ஆபீசில் காலமெல்லாம் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கணக்கெழுதியவர்; கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது. படகில் காலை வைத்தால் அவருக்கு வயிறு புரட்டும். அதனால் கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, பிளாஸ்கில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“படகு கொஞ்சம் சாஞ்சாப்ல இருக்கே” என்றார் ஒருநாள்.

“உங்க கழுத்துதான் சாஞ்சிருக்கு” என்றாள் அக்கா.

மாமா அடுத்த வாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரமும். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராத்திரியில் தம்பியின் தலையணை எப்போதும் இடது பக்கமே நழுவி விழும். படகென்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவரும் இருந்துவிட்டார்.

பிறகு படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பாசி பிடிக்காத பெயிண்ட் அடித்தார்கள். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டால் நன்றாக இருக்கும் என்றாள் அக்கா. எங்கே போடுவது? படகைச் சுற்றி அழுக்கு படிந்த தடம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தம்பி ஒட்டுநாடாவை அந்தத் தடத்தின்மேலேயே ஒட்டி, கோட்டை அழகாகத் தீட்டினார். திரும்பத் தண்ணீரில் இறக்கியதும், தண்ணீர் கோட்டோடு கோடாக நின்றது.

“பாருங்க மாமா! கோடும் தண்ணியும் ஒண்ணா நிக்குது. இப்ப சொல்லுங்க, எங்க சாஞ்சிருக்கு?”

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். திரும்பவும் டீயை எடுத்துக்கொண்டார். பாவம், அவருக்கே தன் கழுத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் படகுத்துறை அலுவலகத்திலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. இடத்துக்காக நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம்; ஓடாத படகுகளுக்கு இனி இடம் கிடையாதாம். ஒவ்வொரு படகும் ஓர் அதிகாரியை ஏற்றிக்கொண்டு, அலைதடுப்புச் சுவரின் முனையில் இருக்கிற விளக்கைச் சுற்றி, சொந்த என்ஜினில் திரும்பி வரவேண்டும். கயிறு கட்டி இழுத்துவர நேர்ந்தால் இடம் போச்சு.

லிஃப்ட்காரர் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். படகு போனால் வீடும் போச்சு. அப்புறம் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான்: அக்கா வீட்டுத் தையல் அறை. முன்பொரு முறை, குடியிருந்த வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சில நாள் அங்கே தங்கியிருந்தார். கிறீச்சிடுகிற அலமாரியைச் சரிசெய்கிறேன் என்று வீட்டில் இருந்த அலமாரிக் கதவுகளை எல்லாம் கழற்றி வைத்தார். அவர் டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்திருந்த திருகாணிகளை அக்கா குப்பை என்று கொட்டினாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. அந்த மாதங்களில் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை என்பது மாமாவுக்குத்தான் தெரியும். ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள். அதனால்தான் ஒரே கூரைக்குக் கீழே இருக்கவே கூடாது என்று பயந்தார்கள்.

“நீ ஜெயிச்சே ஆகணும்டா” என்றாள் அக்கா.

“நான் உன் வீட்டுக்கு வந்துடுவேனோன்னு பயமா?”

“பின்னே?”

சோதனை நாளும் வந்தது. அக்காவும் படகில் ஏறிக்கொண்டாள். அதிகாரி சின்ன வயதுப் பெண். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தைகூட வீணாக்காமல் வந்து உட்கார்ந்தாள். என்ஜின் ஒரே திருகலில் கிளம்பியது. புகையில்லை, தட்டல் இல்லை. துறைக்குள் பூனைபோல் நகர்ந்தது படகு. மாமா நாற்காலியை விட்டு எழுந்து, பிளாஸ்கோடு அலைதடுப்புச் சுவரின்மேல் கூடவே நடந்து வந்தார். லிஃப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தைக் கஷ்டப்பட்டுச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

சுவரைத் தாண்டியதும் வலது பக்கத்திலிருந்து அலை அடித்தது. வெப்பமானியின் முள் மெல்ல எழுந்தது. இன்னும் எழுந்தது. பிறகு மணி அலறியது.

வேகத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத் தளப்பலகையைத் தூக்கினார். பம்பில் போட்டிருப்பது புது ரப்பர் சக்கரம். தண்ணீர் வடிகட்டியில் ஒரு தூசி இல்லை. ஆனால் அதன் கண்ணாடி மூடிக்குள் தண்ணீரோடு தண்ணீராகக் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் இழுக்கவேண்டிய குழாய் காற்றை இழுக்கிறது! குழாயின் துளை படகின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் அல்லவா இருக்கிறது, காற்று எங்கிருந்து வரும்?

“இழுவைப் படகைக் கூப்பிடட்டுமா சார்?” என்றாள் அதிகாரி.

“கொஞ்சம் பொறுங்க மேடம். தயவுசெஞ்சு.”

அப்போது அக்காவின் போன் அடித்தது. சுவரின் மேலிருந்து மாமா. அவர் கத்திய கத்தலுக்குப் போனே தேவையில்லை.

“சாஞ்சிருக்கு! சத்தியமா சாஞ்சிருக்கு! நான் கழுத்தைக் கையால நிமித்திப் பிடிச்சுப் பாத்துட்டேன், அப்பவும் சாஞ்சிருக்கு!”

“ஏங்க, நேரங்காலம் தெரியாம…” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“அவர் சொல்றது சரிதான்” என்றாள் அதிகாரி. “இடது பக்கம் சாஞ்சிருக்கு. ஏறும்போதே தோணுச்சு. கோடு தண்ணியோட நேரா நிக்குதேன்னு, என் கண்ணுதான் ஏமாத்துதுன்னு விட்டுட்டேன்.”

லிஃப்ட்காரருக்கு இப்போதுதான் உறைத்தது: கோடு போட்ட அந்த அழுக்குத் தடமே சாய்ந்த படகில் படிந்ததுதானே! தண்ணீர் இழுக்கும் துளை வலது பக்கம். இடது பக்கம் அமுங்கினால் வலது பக்கம் தூக்கும். அலையில் இன்னும் தூக்கும். துளை வெளியே வந்து காற்றைக் குடிக்கும். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் எடைக்கட்டி ஏற்றிச் சமன் பார்த்த மனிதர், தன் சொந்தப் படகில் அதைப் பார்க்கவில்லை!

“அக்கா. உன் பக்கம், படுக்கைக்குக் கீழே என்ன வச்சிருக்கே?”

அக்கா முதலில் அதிகாரியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“தண்ணி டாங்க். பெருசா. உனக்குக் குளிக்கத் தண்ணி பத்தாதேன்னுதான்…”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்தான். ஏன், நீ என்ன வச்சே?”

“பேட்டரி. எல்லாத்தையும். இடது பக்கம்.”

அக்காதான் முதலில் சத்தம் போட்டாள். “மரம் மாதிரி நிக்கிறியே, உள்ளே போடா! டாங்க்கைக் காலி பண்ணு!”

“ஷூவெல்லாம் எண்ணெய்க்கா.”

“துணி என்னடா துணி! போடா!”

எண்ணெய் ஷூவோடு அவள் சந்தன நிற மெத்தையின்மேல் ஏறி, பலகையைத் திறந்து, டாங்க்கின் குழாயைப் பிடுங்கினார். தண்ணீர் படகின் அடித்தளத்தில் கொட்ட, அங்கிருந்த பம்ப் அதைக் கடலுக்கு அனுப்பியது. இதற்குள் அக்கா எல்லையைத் தாண்டி ஸ்பேனர் பெட்டியை வலது பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள். அதோடு நிற்கவில்லை. தானும் வலது பக்க ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அதிகாரியையும் கூப்பிட்டாள்.

“நீயும் இங்க வாம்மா. தப்பா நினைக்காதே, ஒல்லியா இருந்தாலும் எடை எடைதான்.”

அதிகாரி ஒரு கணம் யோசித்தாள். பிறகு எழுந்துவந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படகு நிமிர்ந்தது. குமிழிகள் குறைந்தன, நின்றன. முள் முனகிக்கொண்டே இறங்குகிற மாதிரி இறங்கியது. லிஃப்ட்காரர் ஸ்டீயரிங்கைத் திருப்பி, விளக்கை ஓர் அகலமான வட்டமாகச் சுற்றினார். சுவரின் முனையில் மாமா பிளாஸ்க் மூடியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஆட்டினார். டீயெல்லாம் அவர் சட்டையில். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

“யார் எந்தப் பக்கம் உக்காரணும்னு விதியில எதுவும் இல்லை” என்று சொல்லிக் கரையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் அதிகாரி. “எடையை மட்டும் சரிபண்ணிடுங்க.”

நிமிர்ந்து நின்ற படகில் இப்போது சிவப்புக் கோடு கோணலாக ஏறிப் போனது. படகுத்துறையே வந்து பார்த்துச் சிரித்தது. மாமா தலையைச் சாய்த்துப் பார்த்து, தனக்கு நேராகத்தான் தெரிகிறது என்றார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போனார்கள். கூடத்தின் நடுவில் தையல் மெஷின் கிடந்தது. துணிச் சுருள்கள் சோபாவின்மேல் குவிந்திருந்தன. ஏன் எல்லாம் இங்கே கிடக்கிறது என்று கேட்டார் லிஃப்ட்காரர். மாமா தட்டுகளை எடுக்கப் போனார். அக்கா அடுக்களைக்குள் ஏதோ வேலையாக இருந்தாள். அவர் தையல் அறையின் கதவைத் தள்ளிப் பார்த்தார்.

அறை காலியாக இருந்தது. ஜன்னலோரம் ஒரு கட்டில், மேலே புது மெத்தை. வழக்கமான மெத்தை இல்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகையைச் சேர்த்து நீட்டி, அதற்குத் தகுந்தாற்போல் தைத்தது. அவர் நெட்டை. எந்தக் கட்டிலில் படுத்தாலும் கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குவார், படகிலும் அப்படித்தான்.

“இது எப்பக்கா?”

அக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். “அறிவிப்பு வந்த வாரம்.”

“நான் வந்துடுவேனோன்னு பயந்துட்டிருந்தியே!”

“பயந்தேன்தான். அதுக்காக வந்தவனைத் தரையிலயா படுக்கச் சொல்வேன்?”

“அளவு எப்ப எடுத்தே?”

“உனக்கு அளவு வேற எடுக்கணுமா? நான் தூக்கி வளத்தவன்தானேடா நீ.”

லிஃப்ட்காரர் மெத்தையின் கால்மாட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

“அக்கா, படகுக்குச் சாயங்காலமா போறேன். இப்ப இங்கயே ஒரு குட்டித் தூக்கம் போடட்டுமா?”

“சாப்பிட்டுட்டுப் படு” என்றாள் அக்கா.

சாப்பிட்டுவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, முழு நீளத்துக்கும் காலை நீட்டிப் படுத்தார். கால் வெளியே போகவில்லை. சாயங்காலம் வரைக்கும் யாரும் அவரை எழுப்பவில்லை.