அக்கா அழித்த கோடு

அக்கா முப்பது வருடமாகத் தையல்காரி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார்கள். கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்ட அடிவயிற்றில் பேனாவால் கோடு போட்டு, அழிக்கக் கூடாது என்றார்கள். துணியைக் கொடுக்கும்முன் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தே பழகிய கை, மூன்றாம் நாள் குளிக்கும்போது எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டது.

"கோடு எங்கம்மா? அது இல்லாம இன்னைக்குக் கதிர்வீச்சு கிடையாது," என்றார் மெஷின்காரர்.

ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தம்பி, ஒரு இன்ச் டேப் குடுங்க. நானே போட்டுக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்து, சாயங்காலம் கதிர் கொடுக்கும்முன் கோட்டைப் புதிதாகப் போட்டார்.

"கோணலா இருக்கே தம்பி."

"வயிறு அப்படிம்மா. அசையாதீங்க."

மீதி இருபத்திரண்டு நாளும் அவளைக் குளிப்பாட்டியது நான்தான். சோப்பை அவள் கையில் கொடுக்கவில்லை.