ஏசிக்காரர் கேட்காத முடிவுகள்

ஏசிக்காரருக்குப் பதினைந்து வருடக் கச்சேரி அனுபவம் உண்டு. அதில் ஒன்றின் முடிவைக்கூட அவர் கேட்டதில்லை. பாதியில் எழுந்து போகிற ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். எழுந்து போவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நகராட்சி அரங்கத்தில் ஒவ்வொரு கோடையிலும் இரண்டு வாரம் மேல்நாட்டு இசை விழா நடக்கும். சில நாள் நாலு பேர் வயலினும் செல்லோவுமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். சில நாள் அறுபது பேர் வரிசையாக நின்று சேர்ந்து பாடுவார்கள். மைக் கிடையாது. அரங்கத்து ஏசியோ அந்தக் காலத்து இயந்திரம், ஓட ஆரம்பித்தால் உறுமும். முதல் வருடமே ஒரு வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டு, "இது எங்க சுருதிக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. ஒண்ணு அது வாசிக்கட்டும், இல்ல நாங்க வாசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. கச்சேரி தொடங்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். அரங்கம் முப்பத்தைந்து நிமிடம் சூடேறாமல் தாங்கும். உருப்படிகள் பெரும்பாலும் நாலு பகுதி; கடைசிப் பகுதி வேகமாக, சத்தமாக இருக்கும். அப்போது ஓடவிட்டால் உறுமல் தெரியாது. ஆகவே அவர் கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் மூன்று பகுதிகளைக் கேட்பார். நாலாவது தொடங்கும்போது பூனைபோல எழுந்து இயந்திர அறைக்குப் போவார். ஒரு தடவை வாட்ச்மேனை அனுப்பிப் பார்த்தார்கள். அரங்கமே இருண்டுபோனது. அந்த இயந்திரத்துக்கு அவர் கைதான் வேண்டும்.

முடிவைத் தவறவிட்டுத் தவறவிட்டு, மனத்துக்குள் தானே முடித்துக்கொள்ளப் பழகிவிட்டார். ஒருமுறை மனைவி போனில் ஓர் உருப்படியைக் கடைசிவரை போட்டுக் காட்டினாள். பொறுமையாகக் கேட்டார். தன்னுடைய முடிவே பரவாயில்லை என்று தோன்றியது.

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. ஆறு வருடமாக அந்தச் சேர்ந்து பாடும் குழுவில் மூன்றாம் வரிசையில் நிற்கிறாள். இந்த வருடம் தனிக்குரல் பாடுகிறவள் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட, அந்த நாலு வரி இவளுக்கு வந்தது. வந்த இடம் கடைசிப் பகுதி. அறுபது பேரும் முழங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள். அப்போது இவள் மட்டும் பாட வேண்டும்.

"நீங்க வேலையா இருப்பீங்கன்னு தெரியும். நான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அதன் அர்த்தம் தெரியாதா? அன்றைக்கு மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்கட்டுமா என்று மறுநாளே விழா மேலாளரிடம் போய் நின்றார்.

"நாலு வரிதானே சார். மெஷின் ரூம்ல இருந்தே கேக்கலாமே" என்றார் மேலாளர். மெஷின் ரூமில் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. மேலாளர் அங்கே ஒருநாளும் கால் வைத்ததில்லை.

ஏசிக்காரர் தாளில் கணக்குப் போட்டார். காலையிலிருந்தே அரங்கத்தைப் பதினேழு டிகிரிக்குக் குளிர வைத்துவிட்டால், இடைவேளைக்குப் பிறகு ஐம்பது நிமிடம் இயந்திரம் இல்லாமல் தாங்கும். கணக்கில் பிழை இல்லை. மனிதர்களை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக் கச்சேரி. முதல் பாதியில் முந்நூறு பேரும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு வயலின் கேட்டார்கள். இடைவேளையில் யாரோ ஒரு புண்ணியவான் மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் ஆறையும் விரியத் திறந்துவைத்தார். ஏசிக்காரர் கவனித்தபோது பாட்டு தொடங்கிவிட்டது. அந்த ஜன்னல்களைச் சாத்தினால் வருகிற கிறீச்சுக்கு இயந்திரமே தேவலை. பக்கத்துச் சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தார். இருபத்தாறு. கொஞ்ச நேரத்தில் இருபத்தொன்பது.

கடைசிப் பகுதி தொடங்கியது. முப்பத்தொன்று. பக்கக் கதவருகே மேலாளர் தன் முகத்துக்குக் கையால் விசிறிக் காட்டினார். ஏசிக்காரர் வணக்கம் வைப்பவரைப் பார்ப்பதுபோல் தலையசைத்துவிட்டு மேடையைப் பார்த்தார். கால்கள் பழக்கத்தில் எழப் பார்த்தன. நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டார். பயமாகத்தான் இருந்தது.

அறுபது பேரும் முழங்கினார்கள். நிறுத்தினார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

அரங்கத்தில் முந்நூறு பேர் நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நல்ல தடித்த தாள், இந்த வருடம்தான் தரத்தை உயர்த்தியிருந்தார்கள். படபட, படபட. மனைவியின் வாய் அசைவதைப் பார்த்தார். கழுத்து நரம்பைப் பார்த்தார். முன்வரிசைக்காரர்களுக்கு ஒருவேளை கேட்டிருக்கும். நாலு வரியும் முடிந்து அறுபது பேரும் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். ஏசிக்காரர் தன் வாழ்வில் முதன்முறையாக அரங்கத்தில் உட்கார்ந்து ஒரு முடிவைக் கேட்டார். அதில் அவருக்கு ஒன்றும் சுவாரசியமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தார்கள். அவள் தலைப் பின்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உக்காந்திருந்தீங்களே, பாத்தேன். எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வெப்பமானி காட்டியதைத்தான் எழுத வேண்டும் என்கிற ஏசி, ஃபிரிட்ஜ் தொழிலில் முப்பது வருடம் இருந்துவிட்டார்.

"கேக்கல. எல்லாரும் விசிறிக்கிட்டு இருந்தாங்க. நான் மெஷின போட்டிருந்தா இப்படி ஆயிருக்காது. முன்னாடி இருக்கிறவங்களாவது ஒழுங்கா கேட்டிருப்பாங்க. கெடுத்தது நான்தான்."

அவள் கடைசிப் பின்னையும் எடுத்து வைத்தாள். பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"நல்லா உக்காருங்க" என்றாள். நின்றபடியே பாட ஆரம்பித்தாள். அரை வரி போயிருக்கும், மூலையில் இருந்த ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி உறும ஆரம்பித்தது. அவள் நிறுத்தினாள்.

ஏசிக்காரர் எழுந்துபோய் அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவள் முதலிலிருந்து பாடினாள். நாலு வரி. கடைசி வார்த்தை மெல்லக் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. அந்த முடிவு அவர் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த எதிலும் இல்லாதது. அவருக்கு அழுகை வந்தது.

"இன்னொரு தடவ" என்றார். பாடினாள்.

மறுநாள் காலையில் பால் கெட்டுப்போயிருந்தது. பிளக் தரையில் கிடந்தது. ஊர் முழுக்க ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர் வீட்டில் இப்படியா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பாலில்லாத காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.