பர்கி இங்க இல்லீங்க

மூச்சு முட்டினால் இல்லாத குரலெல்லாம் காதில் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். பனிக்குள் புதைந்து கிடந்தவள் நான். கேட்டது கேட்டதுதான்.

என் அண்ணன் ரோமெட் பொய் சொல்வதில் கெட்டிக்காரன். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். அப்பா கோபமாகத் தேடி வருவார். "பர்கி இங்க இல்லீங்கப்பா. நான் மட்டும்தான் இருக்கேன்" என்பான். எப்போதும் கத்திப் பேசுகிறவன், பொய் சொல்லும்போது மட்டும் குழைவான், மரியாதை கொடுப்பான். அப்பாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டிருந்தது.

போன பிப்ரவரியில் நாங்கள் இருவரும் எங்கள் டிரோல் மலையில் பனிச்சறுக்குப் போனோம். பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் மூன்றாம் நிலை. மரங்களுக்கு மேலே காற்று குவித்த பனி எந்நேரமும் சரியலாம் என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள். காரை விட்டு இறங்கியதும் வழக்கம்போல ஒருவர் கருவியை மற்றவர் சோதித்தோம். புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி அது. இரண்டும் வேலை செய்தன.

பாதி ஏற்றத்தில் காலுக்கடியில் 'தொம்' என்றது. மாடி அறையில் யாரோ கனமான பெட்டியை இறக்கி வைத்ததுபோல. அடிப்பனி பிடிப்பில்லாமல் இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். நான் நின்றுவிட்டேன்.

"அண்ணா, திரும்பிடலாம்."

"ஏன், கால் உதறுதா? கீழ போய் சூப் குடிச்சுட்டு உக்காரு, போ."

"குழி வெட்டிப் பனியைப் பாத்தியா, இல்லியா?"

அவன் வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். கொஞ்சம் கழித்துத்தான் பதில் வந்தது.

"பாத்தாச்சும்மா. தட்டியும் பாத்துட்டேன். கெட்டியா இருக்கு. நீங்க தைரியமா வாங்க."

நீங்க. வாங்க. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூடப்பிறந்தவள் உயிரோடு விளையாடுவானா என்று நினைத்தேன். நம்பிப் போனேன்.

சரிவு முழுவதும் ஒரு கோடு கிழிந்தது. அவ்வளவுதான்.

இருட்டு. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. முகத்துக்கு முன்னால் ஒரு கை அளவு காற்று. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. பனிக்குள் இருந்து கத்தினால் வெளியே கேட்காது. வெளியே நடப்பது மட்டும் உள்ளே நன்றாகக் கேட்கும்.

சரக்... சரக்...

காலடி. ஒரே ஒருவருடைய காலடி. என்னை நெருங்கி வந்து நின்றது. அப்பாடா, ரோமெட் தப்பிவிட்டான். இதோ, தோண்டப் போகிறான்.

"பர்கி இங்க இல்லீங்க."

அவன் குரல்தான். குழைந்த குரல்.

"நான் மட்டும்தான் இருக்கேன்."

யாரோ ஏதோ கேட்டதுபோல ஒரு இடைவெளி. கேள்வி என் காதில் விழவில்லை.

"இல்லீங்க... தனியாத்தான் வந்தேன். போகலாங்க."

அண்ணா என்று கத்தினேன். வாயெல்லாம் பனி.

சரக்... சரக்...

போய்விட்டான். பாவி. நான் இங்கே இருப்பது தெரிந்தே பொய் சொல்கிறான்.

பிறகு எதுவும் கேட்கவில்லை...

நாய் குரைத்தது. வெளிச்சம். மீட்புக் குழுவின் விகில் என் வாயிலிருந்து பனியை வழித்தெடுத்தார்.

"எங்க அண்ணன் என்னை விட்டுட்டுப் போயிட்டான். இப்பதான் இங்க நின்னு பேசினான்."

"யாரும் இங்க வரலம்மா" என்றார் விகில். "எதிர் மலையில இருந்தவர்தான் எங்களைக் கூப்பிட்டார். சரிஞ்சதுலேர்ந்து கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருந்திருக்கார். இந்தப் பனிமேல ஒருத்தரும் நடக்கல."

ரோமெட்டையும் எடுத்தார்கள். கழுத்து முறிந்து, சரிந்த நிமிடமே உயிர் போயிருந்தது. பையில் அவனுடைய புது மண்வெட்டி. கடைச் சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை. குழியும் வெட்டவில்லை, தட்டியும் பார்க்கவில்லை. என்னை ஏமாற்றித்தான் கூட்டிப்போயிருக்கிறான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் அவன் கிடந்த இடத்தை விகில் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அவன் எனக்கு நேர் கீழே கிடந்தானாம். இன்னும் ஆழத்தில்.

இப்போதுதான் புரிகிறது. குரல் வந்தது கீழேயிருந்து.

காலடி வந்தது மேலேயிருந்து.