சேமியாச் சிட்டங்கள்

பெரியவர்கள் சொன்ன பொய்யால் நன்மை விளைந்தால், அந்தப் பொய்க்குக் காரணமான குழந்தை பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் அதைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? எட்டு வயதில் எனக்கு எழுந்த கேள்வி இது. ஒரு பெண்ணுக்குத் தாயான பிறகும் விடை தெரியவில்லை.

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் தறிவீடுகள். அப்பா மட்டும் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வருடம் பங்குக் கோயிலில் கோதுமை மாவு கொடுத்தார்கள். சோறு தின்று பழகிய எங்களுக்கு அதை என்ன செய்வதென்று விளங்கவில்லை. கூழ் காய்ச்சிப் பார்த்தோம். பசை காய்ச்சி நோட்டுக்கு அட்டை ஒட்டினோம். கடைசியில் அம்மா சேமியா மிஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மறுநாள் அத்தையைப் பெண் பார்க்க மேட்டூரிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடத்தார் வந்து, காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். இந்த முறை பாயசம் வைத்தே அவர்களை மடக்கிவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள்.

அப்பா கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, நீள நீளமாக இறங்கிய சேமியாவை முற்றத்து மூங்கில் கழியில் தொங்கவிட்டார்கள். அப்பா மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அம்மாவும் அத்தையும் முந்திரி, திராட்சை வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்பினார்கள்.

"காக்கா வந்தா ஓட்டு சாமி. மழை வந்தா எடுத்து உள்ள வெச்சிரு," என்றாள் அம்மா.

எப்படி எடுப்பது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.

திடீரென்று வானம் இருண்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, சாயம் போட்டுக் கழியில் காயவைத்திருந்த நூல் சிட்டங்களை, அந்த நீள நீள நூல் கட்டுகளை, எடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் முறுக்கி, பாதியில் மடித்து, நுனியை உள்ளே செருக வேண்டும். இல்லையென்றால் நூல் சிக்கலாகிவிடும். எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கெல்லாம் அது தெரியும். சேமியாவும் இழைதானே? காய்ந்தும் காயாமலும் இருந்த அத்தனையையும் முறுக்கி, மடித்து, செருகி, முறத்தில் அழகாக அடுக்கினேன்.

மழை வரவில்லை. அம்மா வந்தாள்.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. மாவும் தீர்ந்துவிட்டிருந்தது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த எடமும் போச்சுங்க அண்ணி."

மறுநாள் டம்ளருக்கு ஒரு சிட்டமாகப் பாயசம் வந்தது. மாப்பிள்ளை கரண்டியால் அதை அமுக்கினார். அது மேலே வந்தது. மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் வந்தது.

"ஏனுங்க, இதென்னங்க புதுசா இருக்குது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

எனக்குப் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்வித்த அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க ஊட்டு வழக்கமுங்க. நல்ல காரியம்னா இப்படி முறுக்கித்தானுங்க போடறது. எல்லாம் தங்கச்சி கைவேலைங்க."

அத்தையின் தலை இன்னும் குனிந்தது.

"வேகாதது இருந்தா ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்."

அம்மா முறத்தை நீட்டினாள். அந்த அம்மாள் ஒன்றை எடுத்து, தேடாமலே, நுனி செருகியிருந்த இடத்தில் விரலை வைத்தார். அத்தையின் கையைப் பார்த்தார். கதவோரம் நின்ற என் கையையும் பார்த்தார். என் நகக்கண்ணில் மாவு இருந்தது.

"கெட்டிக்காரக் கைங்க. இந்த வழக்கம் எங்க ஊட்டுக்கும் வரட்டுமுங்க," என்று சிரித்தார்.

ஐயோ, பொய்யை நம்பிவிட்டாரே! எங்கள் குடும்பத்துக்கே நரகத்தில் இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவரும் தறிக்காரர்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

அன்று மாப்பிள்ளையாக வந்த மாமாவுக்கு மட்டும் இந்த வழக்கம் பிறந்த கதை இன்றுவரை தெரியாது. கிறிஸ்துமஸ் தோறும் அத்தை வீட்டில் சேமியா முறுக்குகிறார்கள். போன முறை என் பெண்ணும் உட்கார்ந்து முறுக்கினாள். "ஏம்மா இப்படி முறுக்கறோம்?" என்று கேட்டாள். வழக்கம் என்று சொன்னால் அது பொய். நடந்ததைச் சொன்னால் அடுத்த நிமிடமே மாமாவிடம் ஓடுவாள். இந்த வருடம் அவள் முதல் பாவசங்கீர்த்தனம் செய்து புதுநன்மை வாங்க வேண்டும்.

தாய்மார்களே, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அப்படியே, முறுக்கிய சேமியா நடுவிலும் வேகுவதற்கு ஏதாவது வழி இருந்தால் அதையும் எழுதுங்கள். இத்தனை வருடமாக எங்களுக்கு அது வெந்ததே இல்லை.