இருமிக் காட்டச் சொன்ன அக்கா

அக்கா மறைந்த நாள் முதல் எங்கள் துக்கத்தில் பங்கெடுத்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் தம்பியாகிய நான் எழுதுவது. அழுதுகொண்டு எழுதவில்லை, பெருமையோடுதான் எழுதுகிறேன்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர் அக்கா. அப்பா காலமான பிறகு, அம்மா கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவிப் படிக்க வைத்தார். அக்கா மயக்க மருந்து டாக்டரானார். "ஊசி போட்டுத் தூங்க வைக்க இம்மாம் படிப்பா?" என்று பெரியம்மா கேலி செய்வார். "தூங்க வைக்க இல்ல பெரியம்மா, எழுப்பத்தான் படிப்பு" என்பார் அக்கா.

அவருடைய பெரிய சாதனை என் பொய்யில் தொடங்கியது. ஒரகடம் கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி இடித்து எனக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. அக்கா வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று பயிற்சி டாக்டர் கேட்டார். பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அதிகம் சொன்னால் லைன் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, "ரெண்டு சார்" என்றேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற அதே ரெண்டு.

அக்கா வந்ததும் சூப்பர்வைசரை வெளியே அனுப்பினார். "இன்னாடா, ரெண்டா? எங்க, இருமிக் காட்டு."

இரும முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமாவிட்டால் சளி கட்டி நுரையீரல் கெட்டுவிடும் என்று திட்டிக்கொண்டே, விலா நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியை அவரே ஏற்பாடு செய்தார்.

அதோடு விடவில்லை. வார்டு வார்டாகப் போய், ஒவ்வொருவரும் வலிக்குச் சொன்ன எண்ணையும் இருமியதையும் சேர்த்து எழுதினார். "இருமலெல்லாம் ஒரு ஆராய்ச்சியாம்மா?" என்று சிரித்தார் ஒரு பெரிய டாக்டர். மருத்துவ இதழுக்கு அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை ஏற்றார்கள். ஒரு மாநாட்டில் அக்கா அதைப் படித்து முடித்ததும், சிரித்த அதே டாக்டர் மேடையில் எழுந்து நின்று கைதட்டியதை நான் கண்ணாரக் கண்டேன். இன்று அக்காவின் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வருபவர்களின் முதல் பாடம் இதுதான்: கூட இருப்பவரை வெளியே அனுப்பு, இருமச் சொல், அப்புறம் வலி எவ்வளவு என்று கேள்.

புற்றுநோய் அக்காவைப் படுக்கையில் தள்ளியபோது, அவரிடம் பயின்ற பெண் டாக்டர்தான் வந்தார். அம்மா கட்டிலருகே இருந்தார். "பரவால்லம்மா, ரெண்டுதான்" என்றார் அக்கா.

"அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர் திரும்பினார். "மேடம், ஒரு தடவ இருமுங்க."

அக்கா முயன்றார். பாதியில் நின்றுவிட்டது. வலியோடே சிரித்தார். "நீ பாஸும்மா."

அன்று மருந்தை மாற்றினார்கள். கடைசி மூன்று வாரமும் அக்கா சாப்பிட்டார், தூங்கினார், பெரியம்மாவோடு வம்பளந்தார். வலியில்லாமல் போனார்.

ஷிப்ட் மாற்றிக்கொண்டு துணைக்கு நின்ற நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாருக்கும் மேலாக, அக்கா சொன்னதை நம்பாத அந்த டாக்டருக்கு.