கால் படாத இடம்

1. இரண்டு குழாய்

செல்வராணியை ஐ.சி.யு.வுக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் ட்ராலியில் உட்கார்ந்தபடியே வந்தாள். படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த நிலையிலும் என் கையைப் பிடித்து, "பிள்ளைக்குப் பசிக்கும்க்கா" என்றாள். அவள் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இதய ஐ.சி.யு.வில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எல்லையோரத் தமிழ்க் கிராமமான எருத்தேன்பதிக்காரி. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் காதால் படித்தது. டாக்டர்கள் மலையாளத்தில் சொல்வதை வெளியே காத்திருக்கும் நம் சனங்களுக்கு நம் பேச்சில் சொல்லும் வேலையும் தானாகவே என் தலையில் விழுந்தது. போகிற இடமெல்லாம் சொலவடை பொறுக்குகிற பழக்கம் எனக்கு உண்டு. அது இந்த வேலைக்கு உதவியது.

பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு இதயத் தசை தளர்ந்துபோகும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். செல்வராணிக்கு மருந்து எடுபடவில்லை. மயக்கம் கொடுத்து எக்மோ மிஷின் போட்டார்கள். தொடை வழியாக இரண்டு குழாய். ஒன்றில் கறுத்த ரத்தம் வெளியே வரும். மிஷின் அதில் ஆக்சிஜன் ஏற்றி, மற்றதில் சிவப்பாகத் திருப்பி அனுப்பும்.

அவள் வீட்டுக்காரர் தங்கவேல், சித்தூர்ப் பக்கம் தேங்காய் லோடு ஓட்டுகிறவர். "ஏனுங்க்கா, இந்த மிஷினு சொகமாக்கிப் போடுமுங்களா?" என்று கேட்டார்.

"மிஷினு சொகமாக்காதுங்க தம்பி. ஏர் ஓட்டறவனுக்குக் காய்ச்சல்னா பக்கத்துக் காட்டுக்காரன் வந்து நாலு நாளைக்கு ஓட்டிக் குடுப்பானல்லங்க? அந்த மாதிரித்தான். காட்டுக்காரன் எந்திரிச்சு வரோணும்."

"எந்திரிக்காட்டிப் போனா?"



2. பால்

செல்வராணியின் அம்மா மாரியம்மாள் மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். மகள் பேறுகாலத்துக்கென்று லீவு போட்டு மலையிறங்கி வந்தவர். ஐ.சி.யு. வாசலைவிட்டு நகரமாட்டார். ஒரு காலையில் என்னை நிறுத்தி, "ஏத்தா, எம்மவளுக்குப் பால் கட்டிக்கிடக்குமே, யாரும் எடுத்து விடுதீகளா?" என்று கேட்டார்.

எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். சிஸ்டர் பம்ப் வைப்பார், நான் கிண்ணம் பிடிப்பேன். இதயம் தளர்ந்து, நுரையீரல் நனைந்து, கண் திறக்காமல் கிடந்தாள். பால் மட்டும் வேளை தவறவில்லை. உடம்பில் அத்தனை மருந்து ஓடியதால் அதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

"எங்க கொட்டுதீக?"

"சிங்க்லதானுங்கம்மா."

அவர் முகம் சுருங்கியது. "தாய்ப்பாலச் சாக்கடையில விடக்கூடாதுத்தா. கால் படாத எடத்துல ஊத்தணும். பிள்ள குடிக்காட்டியும் அது பிள்ளைக்கு உள்ளது."

இன்சார்ஜ் லிசி சிஸ்டரிடம் சொன்னேன். கோட்டயத்துக்காரி, கறாரானவர். "ரூல் பாத்தா சிங்க்லதான் களையணும் சேச்சி" என்றார். பிறகு என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "க்ளவ்ஸ் இட்டுக்கோ. ஞான் ஒண்ணும் கண்டில்ல" என்றார்.

ஆக்சிஜன் டேங்க் வேலிக்குப் பின்னால் ஒரு தென்னை உண்டு. யாரும் போகாத மூலை. அன்றிலிருந்து அங்கேதான் ஊற்றினேன். கண்ணாடிக் கதவு வழியாக மாரியம்மாள் பார்ப்பார், நான் தலையசைப்பேன். அதுதான் அவருக்கு அன்றைய ரிப்போர்ட்.

எக்கோ ஸ்கேனில் இதயம் கொஞ்சம் அசைவு காட்டத் தொடங்கியது. "காட்டுக்காரன் கண்ணு முழிச்சுட்டானாட்ட இருக்குதுங்க" என்று தங்கவேலிடம் சொன்னேன். அவர் அன்றுதான் டீ குடித்தார்.

குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அது இல்லாமல் மிஷின் ஓடாது. அதனாலேயே வேறெங்காவது ரத்தம் கசியவும் கூடும். மறுநாள் செல்வராணியின் கண்மணி விரிந்திருந்தது. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம். இனித் திரும்பமாட்டாள் என்று டாக்டர் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தங்கவேல் ஊருக்குப் போன் போட வெளியே போனார். மாரியம்மாள் அழவில்லை.

"இன்னைக்கும் பால் இருந்துச்சா?"

"இருந்ததுங்கம்மா."

"அவ போயிட்டா. பாலுக்குத் தெரியல பாத்தியா."

பிறகு சொன்னார்: "வீட்டுல இருக்கையிலேயே தலகாணிய அடுக்கி வச்சு உக்காந்தே தூங்குனா. 'பச்ச உடம்புன்னா மூச்சு வாங்கத்தான் செய்யும்'னு நாந்தான் சொன்னேன். எங்காத்தா எனக்குச் சொன்னது, நான் அவளுக்குச் சொன்னேன்."

அந்தச் சொல்லை நானும் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

3. மலையிலிருந்து ஒரு போன்

நான் ஓய்வு பெற்ற பிறகு, தேயிலை துளிர்க்கும் காலத்தில் மாரியம்மாள் கூப்பிட்டார். பேரன் தங்கவேல் வீட்டில் தவழ்கிறானாம். அதைச் சொல்லிவிட்டு, வேறொன்று சொன்னார். எஸ்டேட்டில் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. பெரியவர்கள் அதே 'பச்ச உடம்பு' சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்.

"'படுக்க முடியுதா புள்ள?'ன்னு கேட்டேன். முடியலன்னா. 'ஜீப்ப எடுங்கலே'ன்னு சத்தம் போட்டேன். இதயம்தானாம். மருந்துலயே தெளிஞ்சிருச்சு, மிஷினுக்குப் போகல."

"புண்ணியமுங்கம்மா" என்றேன்.

"புண்ணியம் என்ன புண்ணியம். எம்மவளுக்குக் கேக்காத கேள்விய அடுத்தவ மகளுக்குக் கேட்டேன்."

 பிறகு, "பால் ஊத்துன அந்த மூலைக்கு இப்ப யாரும் போறாகளா?" என்று கேட்டார்.

"இப்பத் தெரியாதுங்கம்மா. நான் வேலையைவிட்டு வர்ற வரைக்கும் யாரும் கால் வைக்கல."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மிஷினை உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியோ பிள்ளை பெற்றவளோ மூச்சு வாங்குகிறது என்றால், சொலவடை சொல்லாதீர்கள். படுக்க முடிகிறதா என்று கேளுங்கள்.